நிறுத்தக் கூடாத இணைப்பு

ஜெசிந்தா கட்டிய கம்ப்யூட்டர், சோற்று உலை கொதிக்கும் நேரம்கூட உயிரோடு இருக்கவில்லை. பொத்தானை அழுத்தினால் விசிறி சுழலும், திரை வெளுக்கும், எல்லாம் ஒழுங்காக எழுந்து உட்காரும். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு ஹெட்போனை மாட்டும்போது பட்டென்று அணைந்துபோகும். எச்சரிக்கை கிடையாது, பிழைச்செய்தி கிடையாது. பேசிக்கொண்டிருந்த ஆள் பாதியில் எழுந்து போன மாதிரி.

உதிரி உதிரியாகச் சேர்த்த மெஷின் அது. மதர்போர்டு ரிச்சி தெருவில் கிடைத்தது. கேபினெட் ஏதோ ஒரு ஐ.டி. கம்பெனி கழித்துப் போட்டது. அங்கே தரை துடைக்கிற அம்மா லூர்துமேரி செக்யூரிட்டியிடம் கெஞ்சி வாங்கி, ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுவந்தாள். கிராபிக்ஸ் கார்டு மட்டும் கொஞ்சம் பெரியது. அது பெரிதாக இருந்தே ஆகவேண்டும் என்று வேலை கொடுத்தவர்கள் சொல்லியிருந்தார்கள்.

வேலை என்னவென்றால், கடல் தாண்டி எங்கோ இருக்கும் ஒரு கிடங்கில் ரோபோக்கள் பொட்டலம் எடுத்து வைக்கும். எப்போதாவது ஒன்று தயங்கி நின்றுவிடும். இதை இடப்பக்கம் வைப்பதா, வலப்பக்கம் வைப்பதா என்று அதற்குப் புரியாது. அது பார்ப்பதையெல்லாம் ஜெசிந்தாவின் திரையில் காட்டுவார்கள். அவள் இடம், வலம் என்று சொல்ல வேண்டும். கணினி அறிவியல் படித்தவர்களுக்கு மிச்சமிருந்த வேலை அவ்வளவுதான். மற்றதெல்லாம் ரோபோக்களே பார்த்துக்கொண்டன. பட்டம் வாங்கிய பிறகு அவள் ஒரு ஜவுளிக்கடையில் உட்காராமல் நின்றுகொண்டே புடவை பிரித்துப் போட்டிருக்கிறாள். "ஃபர்ஸ்ட் கிராஜுவேட்" என்று தாசில்தார் கொடுத்த சான்றிதழ் அந்தக் கடையில் ஒரு ஸ்டூலைக்கூட வாங்கித் தரவில்லை. இந்த வேலையில் உட்கார நாற்காலி உண்டு. ஆனால் மெஷின் சொந்த மெஷினாக இருக்க வேண்டும், ஷிஃப்ட் முழுக்க அணையக் கூடாது. திங்கட்கிழமையிலிருந்து சோதனை வாரம். அதில் கம்ப்யூட்டர் அணைந்தால் வேலை அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

அவள் வரிசையாகப் பார்த்தாள். ரேமைக் கழற்றி அழிப்பான் ரப்பரால் தேய்த்து மாட்டினாள். பிராசசர் மேலிருந்த பசையைத் துடைத்துப் புதுசு தடவினாள். மதர்போர்டு கேபினெட்டின் தகரத்தில் எங்காவது இடிக்கிறதோ என்று மொத்தத்தையும் வெளியே எடுத்து, செருப்பு வந்த அட்டைப்பெட்டி மேல் பரப்பி ஓட்டினாள். பவர் பொத்தான் சிக்கிக்கொண்டிருக்குமோ என்று அதன் ஒயரைப் பிடுங்கிவிட்டு, ஸ்க்ரூடிரைவர் முனையால் இரண்டு பின்னையும் தொட்டு உசுப்பினாள். எல்லாவற்றுக்கும் எழுந்தது. எல்லாவற்றுக்கும் அணைந்தது.

எதிர்வீட்டுப் பவுனு கதவில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னா ஜெசி, மறுபடியும் அது வயித்தக் கிழிச்சிட்டியா? டாக்டருக்குப் படிச்சிருந்தா இந்நேரம் ஆஸ்பத்திரியே கட்டியிருப்ப."

ஜெசிந்தா அடுத்த ஸ்க்ரூவைக் கழற்றினாள். அவளுக்கு அப்போதெல்லாம் கோபம்கூட வருவதில்லை. கோபம் வரும் இடத்தில் மரத்துப்போன ஏதோ ஒன்று இருந்தது, ஊசி போட்ட பிறகு பல்லைத் தொட்டுப் பார்ப்பதுபோல.

கல்லூரியில் கூடப் படித்த இர்ஃபான் ரிச்சி தெருவில் ரிப்பேர் கடை வைத்திருந்தான். மெஷினை அவனிடம் தூக்கிக்கொண்டு போனாள். அவன் உள்ளே கரண்ட் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ்ஸை மாற்றிப் போட்டு, ஒரு சினிமாவை ஓடவிட்டு, பிரியாணி சாப்பிட்டு, கடையை மூடும்வரை அது ஓடிக்கொண்டே இருந்தது. பழைய எஸ்.எம்.பி.எஸ்ஸைத் திரும்ப மாட்டினான். அப்போதும் ஓடியது. வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அணைந்தது.

மறுநாள் இர்ஃபான் நேரில் வந்தான். சென்னைக்கு வெளியே சதுப்பில் மண் கொட்டி எழுப்பிய குடியிருப்பு அது. ஆற்றங்கரையிலிருந்து வாரிக் கொண்டுவந்து போட்ட ஜனங்கள். லிஃப்ட் ஓடாததால் மூச்சிரைக்க ஏறிவந்த இர்ஃபான், மெஷினைத் தொடக்கூட இல்லை. வாசல்கதவுக்கு மேலிருந்த வெள்ளைப் பெட்டியை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றான்.

மின்விநியோகத்தை எடுத்து நடத்தும் கம்பெனி போன வருடம் ஒவ்வொரு வீட்டிலும் மாட்டிவிட்டுப் போன பெட்டி. இலவச மின்சாரம் வேண்டுமென்றால் அதுவும் வேண்டும் என்றார்கள். வீட்டுக்குள் என்ன ஓடுகிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பதால் குடியிருப்பில் அதற்கு மாமியார் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

"மெஷின்ல ஒண்ணும் இல்ல ஜெசி. உங்க மாமியாருக்குத்தான் புடிக்கல," என்றான் இர்ஃபான்.

"வெளையாடாதடா."

"வெளையாடல. ஒவ்வொரு சாமானும் கரண்ட்டக் குடிக்கிற விதம் வேற. மிக்ஸி மொரட்டுத்தனமா குடிக்கும். ஃபிரிட்ஜ் வுட்டு வுட்டுக் குடிக்கும். அத வெச்சே எந்த பாயிண்ட்ல இன்னா ஓடுதுன்னு இந்தப் பொட்டி கண்டுபுடிச்சிடும். ஃபேனு, டிவி, மிக்ஸின்னா வுட்டுடும். இவ்ளோ பெரிய கம்ப்யூட்டர்னா அது தொழிலு. இலவச லைன்ல கெடயாது. கொஞ்ச நேரம் பாத்து உறுதி பண்ணிக்கிட்டு அந்த பாயிண்ட்ட மட்டும் நிறுத்திடுது. பாரு, உன் பல்பு எரிஞ்சிக்கினேதான் கீது."

அப்படியானால் தொழில் இணைப்பு வாங்கிக்கொள்கிறேன் என்றாள். அதற்கு வீட்டுப் பத்திரம் கேட்பார்கள் என்றான் அவன். வீடு யார் பேரிலும் இல்லை. இருக்கலாம் என்று ஒரு ஆணை இருந்தது, அவ்வளவுதான்.

"அப்போ எங்கம்மா ஃபேன் காத்து வாங்கலாம், டிவி பாக்கலாம், மாவரைக்கலாம். நான் வேல செய்யக் கூடாது. அப்டித்தான?"

"அப்டின்னு எங்கயும் எழுதல. ஆனா அப்டித்தான்."

இர்ஃபான் போகவில்லை. டீயைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தான். மாமியார் எக்காரணம் கொண்டும் கைவைக்காத சாமான்கள் சில உண்டு என்றான். உயிர் காக்கும் கருவிகள். அவற்றைக் கண்டுகொண்டால் அந்த பாயிண்ட்டை "நிறுத்தக் கூடாத இணைப்பு" என்று குறித்துக்கொண்டு விட்டுவிடும். கம்ப்யூட்டரை நேராகச் சுவரில் மாட்டாமல் நடுவில் ஒரு பேட்டரியை வைத்து, அந்த பேட்டரி சுவரிலிருந்து கரண்ட் எடுக்கும் விதம் மட்டும் அப்படி ஒரு கருவியைப் போலவே இருக்கும்படி செய்துவிட்டால் போதும். முகமூடி மாதிரி. ஆனால் போலச் செய்ய ஒரு அசல் வேண்டும்.

அசல் எதிர்வீட்டில் இருந்தது. பவுனுவின் புருஷன் தேவராஜ் துறைமுகத்தில் கப்பல்களின் துருவைச் சுரண்டி, அந்தத் தூளையெல்லாம் நெஞ்சுக்குள் சேர்த்து வைத்திருந்தவர். இப்போது கட்டிலும் அரசாங்க ஆஸ்பத்திரி கொடுத்த ஆக்சிஜன் மிஷினும்தான் அவருக்கு. அவர் மூச்சை இழுக்கும்போது மட்டும் காற்றைத் தள்ளும் வகை. அதனால் அது கரண்ட் எடுக்கும் தாளமும் அவர் மூச்சின் தாளமும் ஒன்றாகவே இருந்தன.

ஜெசிந்தா விஷயத்தை மறைக்காமல் சொன்னாள். தேவராஜ் மூக்குக் குழாயைச் சரிசெய்துகொண்டு சிரித்தார்.

"கரண்ட்டத்தான... காப்பி அடிக்கப் போற. காத்த இல்லியே. எடுத்துக்கோ."

அவர் மிஷினின் ஒயரில் கரண்ட்டை அளக்கும் ஒரு கவ்வியை மாட்டிப் பதிவு செய்தார்கள். நடுவில் அவர் பவுனுவைக் காப்பி கேட்டார், இருமினார், கொஞ்சம் கண்ணயர்ந்தார். எல்லாம் பதிவாயிற்று. அதை ஒரு சின்ன சிப்பில் ஏற்றி, பழைய யூ.பி.எஸ். பேட்டரியோடு சேர்த்து, இர்ஃபான் முகமூடியைச் செய்து முடித்தான். கரண்ட் வராவிட்டால் தெரிய வேண்டும் என்று ஒரு பஸ்ஸரும் வைத்தான்.

கம்ப்யூட்டர் அணையவில்லை. உலை கொதித்தது, சோறு வெந்தது, வடித்து இறக்கியாயிற்று, அணையவில்லை. சோதனை வாரம் முழுக்க ஜெசிந்தா இடம், வலம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை வேலை உறுதி என்று செய்தி வந்தபோது, ஒரு நொடி நாற்காலியில் பின்னால் சாய்ந்தாள். சந்தோஷப்பட்டாள் என்று சொல்வதற்கில்லை. முதுகு வலி குறைந்தது.

ஒரு மாடியில் நடப்பது மற்ற மாடிக்குத் தெரிய எத்தனை நேரம் ஆகும்? பவர் மிஷினில் பிளவுஸ் தைக்க நினைத்தவள் வந்தாள். மாவு விற்கப் பெரிய கிரைண்டர் வாங்கிவிட்டு ஓட்ட முடியாமல் மூலையில் வைத்திருந்தவள் வந்தாள். பேட்டரி ஆட்டோவை வீட்டில் சார்ஜ் போட முடியாதவன் வந்தான். ஜெசிந்தாவால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. மாமியார் அவளை மட்டுமா தடுத்தாள்? ஷிஃப்ட் இல்லாத நேரமெல்லாம் சால்டரிங் கம்பியோடு உட்கார்ந்தாள்.

ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு தாளம் போட வேண்டும் என்று இர்ஃபான் சொல்லித்தான் இருந்தான். அவளும் பார்த்தாள். தாளத்தைக் கொஞ்சம் மெதுவாக்கினாள், பெட்டி ஒத்துக்கொள்ளவில்லை. முன்பின்னாக வெட்டி ஒட்டினாள், அதற்கும் ஒத்துக்கொள்ளவில்லை. அசல் மூச்சு மட்டும்தான் செல்லுபடியானது. ஆகவே அதையே எல்லாவற்றிலும் ஏற்றினாள். கல்லூரியில் ஒருத்தி எழுதிய ரெக்கார்டை வகுப்பு முழுவதும் பார்த்து எழுதியதுதானே, அவள் செய்த பிழையும் சேர்ந்தே வரும், யாரும் கேட்டதில்லை. அந்தப் பழக்கம். கட்டடம் முழுக்கத் தேவராஜ் மூச்சு விட்டார். ஒரே இடத்தில் இருமினார், ஒரே இடத்தில் கண்ணயர்ந்தார். தையல் மிஷின்களும் கிரைண்டர்களும் ஓடின. ஜனங்கள் அவருக்குப் பழம் வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தார்கள். எதற்கு என்று கேட்டால் சும்மாதான் என்றார்கள்.

அது ஒரு முற்பகல். பவுனு ரேஷன் கடை வரிசையில் நின்றிருந்தாள். ஜெசிந்தா ஷிஃப்ட்டில் இருந்தாள். பஸ்ஸர் அடிக்க ஆரம்பித்தது.

பிளக் தளர்ந்திருக்கும் என்று நினைத்தாள். கையை நீட்டி அழுத்திவிட்டாள். பஸ்ஸர் நிற்கவில்லை. பேட்டரி தாங்கும் என்று தெரியும், ஒரு ரோபோ அப்போதுதான் தயங்கி நின்றது, ஹெட்போனின் ஒலியைக் கூட்டிக்கொண்டு வேலையைப் பார்த்தாள். இடம். இன்னொன்று தயங்கியது. வலம். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது, விளக்கு எரிந்துகொண்டிருந்தது, கரண்ட் போனதாக யாரும் நினைக்க வழியில்லை. பிறகு பேட்டரி தீர்ந்து கம்ப்யூட்டர் அணைந்தது.

அவள் பழகிய வரிசையில் ஆரம்பித்தாள். கேபினெட்டைத் திறந்தாள். ரேமைக் கழற்றி மாட்டினாள். எஸ்.எம்.பி.எஸ். ஒயரை ஆட்டிப் பார்த்தாள். வேலை போய்விடும் என்ற எண்ணம் மட்டும் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. பீப் சத்தம் யோசிக்கவிடாமல் படுத்தியது. முகமூடியைத் திருப்பி பஸ்ஸரின் ஒயரைப் பிடுங்கினாள்.

சத்தம் நிற்கவில்லை.

கையில் பிடுங்கிய ஒயரோடு அவள் அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். சத்தம் எதிர்வீட்டிலிருந்து வந்தது. அது தேவராஜின் மிஷின், தனக்குக் கரண்ட் வரவில்லை என்று அடித்துக்கொண்டிருந்தது.

கதவு சாத்தியிருந்தது, தாழ்ப்பாள் இல்லை. அவர் கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவில் தரையில் கிடந்தார். ஒரு கை வாசல் பக்கம் நீண்டிருந்தது. ஜெசிந்தா மிஷினின் பிளக்கைப் பிடுங்கி மின்விசிறிக்கான பாயிண்ட்டில் மாட்டினாள், ஓடியது, கொஞ்ச நேரத்தில் நின்றது. அவரைத் தூக்கி உட்காரவைக்கப் பார்த்தாள். கத்தினாள். மாடியெல்லாம் கூடியது. ஆம்புலன்ஸ்காரர்கள் படியேறி வந்து, குனிந்து பார்த்துவிட்டு, அவசரமில்லாமல் நிமிர்ந்தார்கள்.

நடந்தது என்ன என்று இர்ஃபான்தான் பிறகு சொன்னான். ஒரே கட்டடத்தில் இத்தனை பேர் ஒரே மாதிரி மூச்சு விடுவதைக் கம்பெனியின் பெரிய கம்ப்யூட்டர் எங்கேயோ உட்கார்ந்து கவனித்திருக்கிறது. இந்தத் தாளம் போலி என்று முடிவு செய்து எல்லாப் பெட்டிகளுக்கும் ஒரே நேரத்தில் சொல்லியிருக்கிறது. அசல் எது, நகல் எது என்று அதற்கு வித்தியாசம் தெரியவில்லை. வித்தியாசமும் இல்லை.

ஜெசிந்தா அழவில்லை. அடக்கம் முடிந்த மறுநாள் பவுனுவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். பஸ்ஸரைச் சொன்னாள், ஹெட்போனைச் சொன்னாள், ரேமைக் கழற்றி மாட்டியதைச் சொன்னாள். பவுனு தலையைக் குனிந்து கேட்டாள். அடிப்பாள் என்று ஜெசிந்தா எதிர்பார்த்தாள். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"என்னாண்ட சொல்லி இன்னா பண்றது. ஆபீஸ்ல வந்து சொல்லு," என்றாள் பவுனு.

போனார்கள். கம்பெனியின் அலுவலகத்தில் ஏ.சி. குளிரில் ஓர் இளைஞன் உட்கார்ந்திருந்தான். மரியாதையாக நாற்காலி போட்டான். தேவராஜின் இணைப்பு எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு, அந்த இணைப்பு என்றைக்குமே நிறுத்தப்படவில்லை என்றான்.

ஜெசிந்தா மேஜையில் இரண்டு கையையும் ஊன்றினாள். "சார், நிறுத்துனாங்க. நிறுத்துனதுக்குக் காரணம் நான். அவரு மிஷினோட தாளத்த நான்தான் காப்பி அடிச்சேன். கட்டடத்துல எல்லாருக்கும் நான்தான் செஞ்சு குடுத்தேன். அவரோடது மட்டும்தான் உண்மை. மத்ததெல்லாம் பொய். எங்க வேணாலும் கையெழுத்துப் போடறேன். என்மேல கேஸ் போடுங்க. அவருது உண்மைன்னு எழுதிக் குடுங்க, அது போதும்."

அவன் அவளைப் பார்க்காமல் திரையைப் பார்த்தான். "பொய்ன்னு இங்க ஒண்ணுமே இல்லையே மேடம். உங்க பிளாக்ல நிறைய பேருக்கு மூச்சுக் கோளாறு. சதுப்பு நிலம், இருக்கத்தான செய்யும். எல்லா மிஷினும் உண்மையான மிஷின்னு மேல ஏத்துக்கிட்டாங்க. எல்லாமே நிறுத்தக் கூடாத இணைப்பு. உங்க வீடும்தான். ஜெசிந்தா, பேஷன்ட், வாழ்நாள் முழுக்க. இனிமே உங்களுக்குக் கட்டே ஆகாது."

"நான் பேஷன்ட் இல்ல."

"ரெக்கார்டுல அப்டித்தான் இருக்கு."

அவளுக்குப் புரிந்தது. போலி இருந்தது என்று ஒப்புக்கொண்டால், போலி என்று நினைத்து அசலை நிறுத்தியதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆகவே எல்லாமே அசல். யாரும் எதையும் நிறுத்தவில்லை. ஓடிக்கொண்டிருந்த மிஷின் பக்கத்திலேயே தேவராஜ் தாமாகச் செத்துப்போனார். குற்றத்தை ஒப்புக்கொள்ள வந்தவளுக்கு அவர்கள் சலுகை கொடுத்து அனுப்பினார்கள். அவள் கத்திப் பார்த்தாள். செக்யூரிட்டி வந்து, மேடம் வாங்க என்று கனிவாகக் கூப்பிட்டான்.

ஷேர் ஆட்டோவில் திரும்பினார்கள். பவுனு சதுப்பையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

வேலை கொடுத்தவர்கள் ஒரு தடவை மன்னித்திருந்தார்கள். மறுநாள் காலை ஜெசிந்தா பொத்தானை அழுத்தினாள். கம்ப்யூட்டர் எழுந்தது. ஹெட்போனை மாட்டாமல், அணையட்டும் என்று உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அணையவில்லை. ஷிஃப்ட் தொடங்கியது. ரோபோக்கள் தயங்கின, அவள் சொன்னாள். மாலையில் லூர்துமேரி வந்து, சாப்பிட்டியா என்று கேட்டபோதும் அது ஓடிக்கொண்டிருந்தது. வாரம் போயிற்று. கழற்றி ஒளித்து வைத்திருந்த முகமூடிகளை மற்ற வீட்டுக்காரர்களும் ஒவ்வொருவராக வெளியே எடுத்து மாட்டினார்கள். யாரும் யாரிடமும் அதைப்பற்றிப் பேசவில்லை.

எதிர்வீட்டு மிஷினை ஆஸ்பத்திரிக்காரர்கள் திரும்ப எடுத்துக்கொண்டு போனார்கள். தேவராஜுக்கு வந்துகொண்டிருந்த உதவித்தொகை அவரோடு நின்றது. அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை, ஷிஃப்ட் இல்லாத பகலில், பவுனு வந்து வாசல்படியில் உட்கார்ந்தாள்.

"எனக்கும் ஒண்ணு செஞ்சு குடு ஜெசி."

ஜெசிந்தாவுக்கு முதலில் விளங்கவில்லை.

"இஸ்திரிப் பொட்டிக்கு. ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஃபிளாட்டுக்காரங்க துணி குடுக்கறேன்னாங்க. பெரிய பொட்டி, நாள் பூரா சூடா இருக்கணும். மாமியார் வுட மாட்டா. மிஷின் போனதும் எங்கூட்டு லைன சாதாரணமாக்கிட்டாங்க."

"அக்கா, அதுல இருக்கிறது..."

"தெரியும். அவர்தான." பவுனு புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். "நல்லா இருந்த காலத்துல கப்பலுக்குத்தான் ஒழச்சாரு. வூட்ல ஒரு கொடம் தண்ணி தூக்கி வெச்சதில்ல. இப்பயாச்சும் எனக்கு ஒரு வேல செய்யட்டும்."

வேறு தாளம் ஏதாவது கிடைக்குமா என்று இர்ஃபானைக் கேட்டுப் பார்க்கிறேன் என்றாள் ஜெசிந்தா. வேறு வீட்டில், வேறு யாராவது. சொல்லும்போதே நிறுத்திக்கொண்டாள்.

"வேற யார்தும் வாணாம்," என்றாள் பவுனு. "எப்ப தருவ? நாளிக்கே துணி வந்துடும்."

ஜெசிந்தா சால்டரிங் கம்பியின் பிளக்கை மாட்டி, அது சூடேறுவதற்காகக் காத்திருந்தாள்.